ரத்தக்குழாய் ஆபரேஷனுக்குப் பிறகு எப்போது ஓடலாம்?

கேள்வி:

"கணியம்பாடி பக்கம் எங்கள் ஊர். வயது 23. போலீஸ் வேலைக்காக ஓடிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். கிரவுண்டில் மூன்றாவது ரவுண்டு வரும்போது வலது கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்ளும், பாதம் மரத்துவிடும். இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடும். நரம்பு என்றார்கள், வைட்டமின் குறைவு என்றார்கள், முதுகுக்குக்கூட ஸ்கேன் எடுத்தோம். இரண்டு வருடம் அலைந்த பிறகு, முட்டிக்குப் பின்னால் ரத்தக்குழாயைச் சதை அழுத்துகிறது என்று கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தார்கள். ஏழு வாரம் ஆகிறது. இப்போது அரை மணி நேரம் நடக்கிறேன். கெண்டைக்கால் இளைத்துவிட்டது, காலையில் எழுந்ததும் இறுக்கமாக இருக்கிறது. பாதத்தின் வெளிப்பக்கம் மரத்தாற்போலவே இருக்கிறது. இடது காலிலும் முன்பு லேசாகப் பிடிப்பு வந்ததுண்டு. டாக்டர் 'மெதுவா ஆரம்பிக்கலாம்' என்றார். அம்மா 'இனிமேல் ஓடவே கூடாது' என்கிறார். நண்பர்கள் 'இப்பவே வாடா, இல்லன்னா டச் விட்டுப்போயிடும்' என்கிறார்கள். நான் யார் பேச்சைக் கேட்பது?"

பதில்:

தம்பி, டாக்டர் பேச்சைக் கேளுங்கள். அவர் சொன்ன 'மெதுவா' எவ்வளவு மெதுவாக என்பதை ஒரு ஃபிசியோதெரபிஸ்ட்டாக நான் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மனதில் இருக்கிற பெரிய கேள்விக்குப் பதில். ஓடலாம். இந்த ஆபரேஷன் செய்துகொண்ட இளைஞர்கள் பெரும்பாலும் பழையபடி ஓட்டத்துக்கும் விளையாட்டுக்கும் திரும்புகிறார்கள். ஓட வைப்பதற்காகத்தான் அந்த ஆபரேஷனே. வெறுமனே வீட்டுக்கும் கடைக்கும் நடந்தால் போதும் என்றால் உங்களில் பலருக்குக் கத்தியே வைக்க வேண்டியிருக்காது. ஆனால் ஏழாவது வாரத்தில் நண்பர்களோடு கிரவுண்டில் இறங்குவது சரிவராது. காரணம் சொல்கிறேன்.

முட்டிக்குப் பின்னால் இருக்கிற குழியில், கெண்டைக்கால் சதையின் இரண்டு தலைகளுக்கும் நடுவே பெரிய ரத்தக்குழாய் இறங்கிப் போகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்தக் குழாய் உள்பக்கத் தலையைச் சுற்றிக்கொண்டு போகும். சிலருக்குச் சதை ஒட்டியிருக்கிற இடம் மாறியிருக்கும், அல்லது ஒரு நார்ப்பட்டை குறுக்கே ஓடும். இன்னும் சிலருக்கு எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருக்கும், பயிற்சியால் சதை தடித்துப்போய் இடம் நெருக்கடியாகிவிடும். எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். கழனிக்குத் தண்ணீர் போகிற பிளாஸ்டிக் குழாய் மேல் மாடு காலை வைத்து நின்ற கதை. நீங்கள் ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் சதை இறுகி ரத்தக்குழாயை மிதிக்கிறது, சதைக்கு ரத்தம் பற்றவில்லை, பிடித்துக்கொள்கிறது. நின்றதும் சதை தளர்கிறது, ரத்தம் பாய்கிறது, வலி போய்விடுகிறது.

இரண்டு வருடம் ஏன் ஆயிற்று என்று யார் மேலும் கோபப்பட வேண்டாம். படுக்கையில் படுத்திருக்கும்போது உங்கள் பாதத்தில் நாடி நன்றாகவே துடித்திருக்கும். பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லி, அந்த நேரத்தில் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) வைத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும். அதுவும் 23 வயதுப் பையன், புகை கிடையாது, சர்க்கரை கிடையாது என்றால் ரத்தக்குழாய்ப் பக்கம் யாருக்கும் யோசனை போகாது. உலகத்துக்கே இது தாமதமாகத்தான் புரிந்தது. 1879-ல் எடின்பரோவில் ஒரு மருத்துவ மாணவர், வெட்டி எடுக்கப்பட்ட ஒரு காலை அறுத்துப் படிக்கும்போது இந்தக் கோளாறைக் கண்டு எழுதி வைத்தார். அதைக் கத்தி வைத்துச் சரிசெய்தது 1959-ல், நெதர்லாந்தில், ஒரு 12 வயதுப் பையனுக்கு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். கடிதத்தில் ஒரு முக்கியமான தகவல் விட்டுப்போயிருக்கிறது. உங்களுக்குச் செய்தது எந்த ஆபரேஷன்? டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். சதையையோ நார்ப்பட்டையையோ மட்டும் வெட்டி விடுவித்திருந்தால் 'ரிலீஸ்' அல்லது 'மயாட்டமி' என்று இருக்கும். பல வருடம் நசுங்கியதில் குழாயின் உள்சுவரே கெட்டு, குறுகியோ அடைத்தோ வீங்கியோ போயிருந்தால், தொடையிலிருந்து ஒரு சிரையை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற குழாய்) எடுத்து வைத்துத் தைத்திருப்பார்கள். அப்போது 'வெயின் கிராஃப்ட்', 'பைபாஸ்', 'பேட்ச்' என்கிற வார்த்தைகளில் ஒன்று இருக்கும். தொடையின் உள்பக்கத்திலோ கணுக்கால் பக்கத்திலோ தனியாக ஒரு தையல் தழும்பு இருந்தாலும் இதை ஊகிக்கலாம்.

இந்த இரண்டுக்கும் நாட்கணக்கு வேறு. விடுவித்தது மட்டும்தான் என்றால், பொதுவாக ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மெல்லோட்டம் தொடங்கி, மூன்று நான்கு மாதத்தில் முழு வேகத்துக்கு வரலாம். சிரை வைத்துத் தைத்திருந்தால் மெல்லோட்டமே மூன்றாவது மாதத்துக்குப் பிறகுதான், முழுப் பயிற்சிக்கு ஆறு மாதம் ஆகலாம். இதெல்லாம் பொதுக்கணக்கு. உங்கள் குழாயைக் கண்ணால் பார்த்தவர் சர்ஜன் ஒருவர்தான். அவர் இதைவிடத் தள்ளிச் சொன்னால் அவர் சொல்வதுதான் கணக்கு.

கிராஃப்ட் வைத்திருந்தால் இன்னும் இரண்டு விஷயம். முட்டியை முழுசாக மடக்கி நீண்ட நேரம் உட்காருவது புதுக் குழாய்க்கு நல்லதில்லை. சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, குத்துக்காலிட்டு உட்காருவது, இந்தியன் டாய்லெட் எல்லாம் எப்போதிலிருந்து சரி என்று வெட்கப்படாமல் கேளுங்கள். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாதவர்கள் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அடுத்தது, டாப்ளர் பரிசோதனைக்குச் சொன்ன தேதியில் போய்விட வேண்டும், கால் நன்றாக இருந்தாலும். கிராஃப்ட் குறுக ஆரம்பிப்பது உங்களுக்கு வலியாகத் தெரியும் முன்பே டாப்ளருக்குத் தெரிந்துவிடும். வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் ஜனங்கள் வேலூர் ஆஸ்பத்திரிக்காக ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள் இதற்கெல்லாம். நமக்கு டவுன் பஸ் தூரம். அதனாலேயே ரிவியூவைத் தள்ளிப்போடுகிறவர்களும் நம் ஊரில்தான் அதிகம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இனி நான் இந்தப் பதிலில் அதிகம் சொல்ல விரும்புகிற விஷயம். ஓட ஆரம்பித்ததும் உங்களுக்கு வலிக்கும். கட்டாயம் வலிக்கும். ஒவ்வொரு வலிக்கும் 'பழையபடி வந்துடுச்சோ' என்று பயந்து நின்றுவிட்டால் தேற மாட்டீர்கள். எந்த வலியையும் சட்டை செய்யாமல் ஓடினாலும் வம்பு. எந்த வலி எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கேலண்டர் தேதியை விட இதுதான் உங்களுக்கு வழிகாட்டும்.

பழைய வலி எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் ஒன்றும் இருக்காது. குறிப்பிட்ட தூரம் போனதும், ஏறக்குறைய ஒரே இடத்தில், சதை இறுக ஆரம்பிக்கும். வேகத்தைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம் வரும். பாதம் மரத்து, சில சமயம் சில்லிட்டு, வெளுத்தும் போகும். நின்ற சில நிமிடங்களில் அடையாளமே இல்லாமல் போய்விடும். மறுநாள் சதையை அழுத்தினாலும் வலிக்காது. இதுதான் ரத்தம் பற்றாத வலி. இது திரும்பி வந்தால், ஒரே ஒரு முறை என்றால் குறித்து வையுங்கள். இரண்டாவது முறையும் அதே மாதிரி வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு சர்ஜனிடம் போங்கள். முழுசாக விடுபடாத நார் ஏதாவது மிச்சமிருக்கலாம், அல்லது தழும்பு உள்ளுக்குள் இறுகியிருக்கலாம். இரண்டுமே சரிசெய்யக்கூடியவை.

உழைப்பு வலி இதற்கு நேர் எதிர். முதல் அடியிலேயே விறைப்பாக இருக்கும், உடம்பு சூடாக ஆகக் குறையும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கும்போது தெரியும். சதையை அழுத்தினால் வலிக்கும். ஒன்றிரண்டு நாளில் போய்விடும். இளைத்துப்போன சதை மறுபடி வேலை செய்யும்போது இது வராமல் இருக்காது. நீங்கள் சொல்கிற காலை இறுக்கமும் அநேகமாக இந்த வகைதான், தழும்பின் இழுப்பும் கூடச் சேர்ந்திருக்கும்.

தழும்பு இழுப்பது முட்டியை நீட்டும்போது பின்பக்கத்தில் தெரியும். பின்பக்கமாகத் திறந்து செய்தவர்களுக்கு மடிப்பின் குறுக்கே நெளிந்து போகிற தழும்பு இருக்கும், அது சுருங்கினால் முட்டி முழுசாக நீளாது. காயம் நன்றாக ஆறியிருந்தால், விரல் நுனியால் தேங்காயெண்ணெய் தொட்டுத் தழும்பின் மேல் மட்டும் மெல்ல வட்டமாகத் தேய்க்கலாம்.

பாதத்தின் வெளிப்பக்கம் மரத்திருப்பது? அந்தப் பகுதிக்கு உணர்ச்சி தருகிற மெல்லிய நரம்பு, ஆபரேஷன் நடந்த பக்கமாகத்தான் இறங்கி வருகிறது. தையல் போடும்போது அது இழுபட்டிருக்கலாம். நரம்பு வளர்கிற வேகம் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். முட்டியிலிருந்து பாதம் வரை எவ்வளவு தூரம் என்று பாருங்கள், ஒரு வருடம்கூட ஆகலாம் என்பது புரியும். நடுவில் எறும்பு ஊர்வது போலவோ சுருக்கென்றோ இருந்தால் நரம்பு உயிர் பெறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மரத்தல் மெல்ல மெல்லச் சுருங்கினால் கவலை இல்லை. பாதத்தைத் தூக்கவோ ஊன்றவோ பலம் இல்லாவிட்டால்தான் உடனே காட்ட வேண்டும். ஆனால் ஒன்று, மரத்த இடத்தில் ஷூ கடித்தால் தெரியாது. கொப்புளம் வந்து உடைந்த பிறகுதான் சாக்ஸில் ஈரம் தெரியும். தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் படுங்கள். வெறுங்காலோடு ஓடுகிற பழக்கம் இருந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இவை எதிலும் சேராத வலிகள் உண்டு. அவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. கெண்டைக்கால் முழுக்க வீங்கி, சூடாகி, உட்கார்ந்திருக்கும்போதும் வலித்தால் சிரையில் ரத்தம் கட்டியிருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். அதோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். திடீரென்று பாதம் சில்லிட்டு, வெளுத்து, உணர்ச்சி போய், விரலை அசைக்க முடியாமல் போனால் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம். காலைக் காப்பாற்ற சில மணி நேரம்தான் இருக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்ப்போம், விடியட்டும் என்றெல்லாம் இருக்காதீர்கள். பக்கத்து கிளினிக்கில் காட்டி நேரத்தைக் கழிக்காமல், ரத்தக்குழாய் சர்ஜன் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள்.

இப்போது பயிற்சி. சதையை விடுவித்தது மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இன்னும் இரண்டு மூன்று வாரத்துக்கு நடைதான். அரை மணியை முக்கால் மணியாக்குங்கள், வேகத்தையும் கூட்டுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகத்துக்கு அளவு. ஆரணி ரோட்டில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி நடப்பதைவிடப் பள்ளிக்கூட மைதானம் நல்லது. டவுனுக்கு வருகிற நாளில் கோட்டை அகழியை ஒட்டி நடக்கலாம், சமதளம். பாலாற்று மணலில் ஓடினால் கால் வலுவாகும் என்று சீனியர்கள் சொல்வார்கள். உண்மைதான், மணலில் கெண்டைக்கால் கூடுதலாகப் பாடுபடும். அதனாலேயே உங்களுக்கு அது கடைசி.

மலைப்படியும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் இருந்தபோது வீட்டில் யாராவது வேண்டிக்கொண்டிருப்பார்கள், 'குணமானா சோளிங்கர் மலை ஏறி வரோம்' என்று. 1300-க்கும் மேற்பட்ட படிகள். ஒவ்வொரு படிக்கும் முன்பாதத்தை ஊன்றி உடம்பைத் தூக்குவது கெண்டைக்காலின் வேலை. நரசிம்மர் கோபித்துக்கொள்ள மாட்டார், இப்போது ரோப் கார் இருக்கிறது. அம்மாவை அதில் கூட்டிப் போங்கள். நீங்கள் படி ஏறுவதை ஐந்தாறு மாதம் தள்ளி வையுங்கள். வள்ளிமலைக்கும் ரத்தினகிரிக்கும் இதே பதில்தான்.

நடையோடு கூடவே முட்டியை நேராக்க வேண்டும். கட்டிலில் மல்லாந்து படுத்து, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டி தன் பாரத்தில் தாழும்படி ஐந்து நிமிடம் விடுங்கள். காலையும் மாலையும். இரண்டு முட்டியும் ஒரே அளவு நேராகும்வரை இதை விடக் கூடாது. பையன்கள் சலிப்பாக இருக்கிறது என்று முதலில் கைவிடுவது இதைத்தான். அப்புறம் ஓட்டத்தில் நொண்டல் ஒட்டிக்கொள்ளும்.

சதையை வலுவாக்க, நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை ஊன்றிக் குதிகாலை மட்டும் தூக்கி இறக்குங்கள். பதினைந்து பதினைந்தாக மூன்று முறை. உட்கார்ந்து ஏன் என்று கேட்டால், முட்டி மடங்கியிருக்கும்போது கெண்டைக்காலின் மேல்சதை தளர்ந்துவிடும், அடியில் இருக்கிற தட்டைச் சதைதான் வேலை செய்யும். சர்ஜன் கை வைத்த இடத்துக்குப் பாரம் போகாது. ஒரு வாரம் இது சுலபமாக வந்த பிறகு சுவரைப் பிடித்து நின்று இரண்டு காலில், அதற்கும் பிறகு வலது காலில் மட்டும். நின்றபடி முட்டியை நேராக வைத்துக் குதிகாலைத் தூக்கும் நிலையில்தான் முன்பு உங்கள் குழாய் நசுங்கியது. அதனால் இது ஒரே சமயத்தில் பயிற்சியும் பரிசோதனையும். பாதம் மரத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஜிம்மில் கெண்டைக்கால் மெஷினில் வெயிட் போட்டுச் சதையை உருட்டித் திரட்ட வேண்டாம். ஸ்கிப்பிங்கும் இப்போது வேண்டாம். பிறவிக் கோளாறு எதுவும் இல்லாமல் சதை தடித்ததால்தான் உங்களுக்கு இது வந்தது என்று சம்மரியில் இருந்தால், இந்த எச்சரிக்கை எப்போதைக்கும் பொருந்தும். சைக்கிள் ஓட்டலாம். சீட்டைக் கொஞ்சம் உயர்த்தி, விரல் நுனியால் மிதிக்காமல் பாதத்தின் நடுவால் மிதியுங்கள். கிணற்று நீச்சல் ஆசை இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். நீந்துவதைக்கூட ஒப்புக்கொள்வேன், மேலேயிருந்து குதிப்பதும் வழுக்குப் படியில் தாவி ஏறுவதும் இப்போது ஆகாது.

எப்போது ஓட ஆரம்பிப்பது? முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தும் பழைய வலி தலைகாட்டக் கூடாது. வலது முட்டி இடதைப் போல நேராக வேண்டும். வலது காலில் மட்டும் நின்று இருபது முறை குதிகாலைத் தூக்க முடிய வேண்டும், இருபதாவது முறையும் முதல் முறை உயர்ந்த அளவு உயர வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த டாப்ளரைப் பார்த்து சர்ஜன் சரி என்று சொல்ல வேண்டும். நான்கும் கூடிய நாள்தான் உங்கள் முதல் நாள். சிலருக்கு அது ஒன்பதாவது வாரம், சிலருக்குப் பதினான்காவது வாரம்.

முதல் நாள் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டு முறை, அவ்வளவுதான். மூச்சு வாங்காது, சிரிப்பாகக்கூட இருக்கும். இருக்கட்டும். மறுநாள் ஓய்வு, அடுத்த நாள் மறுபடி. வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஓட்டம் இரண்டு நிமிடமாகும், பிறகு மூன்று, ஐந்து என்று நீளும், நடை சுருங்கும். இருபது நிமிடம் நிற்காமல் மெல்லோட்டம் ஓட வந்த பிறகுதான் வேகத்தைத் தொட வேண்டும். நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். எது வலியைக் கொண்டுவந்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும்.

போலீஸ் உடல்தகுதித் தேர்வில் உங்கள் இலக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிப்பது. கணக்குப் போட்டால் 400 மீட்டர் ரவுண்டுக்கு 112 நொடி. ஒழுங்காகப் பயிற்சி எடுத்த பையனுக்கு இது பெரிய வேகமில்லை, நீங்களே முன்பு இதைவிட வேகமாக ஓடியிருப்பீர்கள். முதலில் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு 1500-ஐ ஓடி முடியுங்கள். அப்புறம் நேரம் பார்க்கலாம். கயிறு ஏறுவது, நீளம் தாண்டுவது, 100 மீட்டர் இவையெல்லாம் அதற்கும் பிறகு. எம்பிக் குதிப்பதும் முன்பாதத்தில் பாய்வதும் கெண்டைக்காலை ஒரே இழுப்பில் இழுக்கும். ஸ்பைக் ஷூவும் அப்போதுதான்.

கிரவுண்டுக்கு ஏழு மணிக்கு முன்பே போய் வந்துவிடுங்கள். சித்திரையிலும் வைகாசியிலும் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும், கிராஃப்ட் வைத்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் பிடுங்கப் போனாலும் முதலில் சர்ஜனைக் கேளுங்கள். ஓடிய வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டு வாங்கிப் போடுவதும் வேண்டாம். சில வலி மாத்திரைகள் ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், சில ஆஸ்பிரினின் வேலையையே கெடுக்கும். ஹான்ஸ், சிகரெட் எதுவும் கூடாது. காலை இறுக்கிப் பிடிக்கிற ஸ்லீவும் கிரேப் பேண்டேஜும் சர்ஜன் சொல்லாமல் போடாதீர்கள். அப்புறம், எண்ணெய் போட்டுக் கெண்டைக்காலை நீவி விட ஒருவர் கட்டாயம் வருவார், எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார். உள்ளே சிரையில் ரத்தம் கட்டியிருந்தால் அந்த நீவல் அதை நுரையீரலுக்கு அனுப்பிவிடலாம். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இடது காலைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. இந்தக் கோளாறு இருக்கிறவர்களில் கணிசமானவர்களுக்கு இரண்டு காலிலும் இருக்கும். வலது கால் தேறி நீங்கள் வேகமாக ஓட ஆரம்பிக்கும்போது, இதுவரை அடங்கியிருந்த இடது கால் வெளியே வரலாம். அதனால் வேகப் பயிற்சிக்கு முன்பே இடது காலுக்கும் பாதத்தை அழுத்த வைத்து டாப்ளர் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே ஒரு சிக்கலும் உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லாத சிலருக்கும்கூட, பாதத்தை முழுப் பலத்தோடு அழுத்தும்போது குழாய் நசுங்குவது ஸ்கேனில் தெரியும். ஸ்கேனில் தெரிந்தது என்பதற்காக மட்டும் அந்தக் காலையும் ஆபரேஷனுக்குக் கொடுத்துவிட வேண்டியதில்லை. வலியும் ஸ்கேனும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து முடிவு செய்கிற விஷயம் அது. எத்தனையாவது ரவுண்டில், எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் பிடித்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால் சர்ஜனுக்குப் பெரிய உதவி.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். அடுத்த ரிவியூவுக்கு அவரையும் கூட்டிப் போய், டாக்டர் வாயாலேயே 'ஓடலாம்மா' என்று சொல்ல வையுங்கள். இரண்டு வருடம் காரணம் தெரியாமல் பையனோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவருக்கு அந்தப் பயம் நியாயமானது. நண்பர்களுக்கு என்ன சொல்வது என்பது உங்களுக்கே தெரியும்.

உடல்தகுதித் தேர்வு தேதி முன்கூட்டி வந்துவிட்டால்? கால் தயாராக இல்லை என்றால் இந்த முறையை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து, கசப்பாக இருந்தாலும். 23 வயதில் இன்னொரு வாய்ப்புக்கு இடம் இருக்கிறது. தழும்பை மறைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது அந்த யோசனையைச் சொல்வார்கள். மருத்துவப் பரிசோதனையில் முட்டிக்குப் பின்னால் பார்க்காமல் விட மாட்டார்கள். சம்மரி, ஆபரேஷனுக்கு முந்திய ஸ்கேன், பிந்திய டாப்ளர், சர்ஜனின் கடிதம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்து நேராகக் காட்டுங்கள். முடிவு அவர்கள் கையில்.

இந்த வாரமே ஓ.பி. சீட்டுப் போட்டு இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்: வெறும் ரிலீஸா, கிராஃப்ட்டா? ஆபரேஷனுக்குப் பிந்திய டாப்ளர் எப்போது? இடது காலை எப்போது பார்ப்பது? பதில் கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கிராஃப்ட் என்றால் மேலே சொன்ன பயிற்சிக் கணக்கை மாற்றித் தர வேண்டியிருக்கும், அதுவரை நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.